மின்காந்தத்துக்கு வலுத் தருவது வோல்ட்டா, ஆம்பியரா?

கேள்வி: பேத்தியின் பள்ளிக் கண்காட்சிக்காக, ஓர் இரும்பு போல்ட்டின் மீது 0.3 மில்லிமீட்டர் எனாமல் செம்புக் கம்பியை 200 சுற்றுச் சுற்றி, லோட் ஷெடிங் நேரத்துக்கென வாங்கிய அவசர விளக்கின் 6 வோல்ட் பேட்டரியில் இணைத்தேன். பிறகு 400 சுற்று ஆக்கியும் அது தூக்கும் எடை கூடவில்லை. கூட்ட வேண்டியது வோல்ட்டையா, ஆம்பியரையா?
– ஒரு வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: சுருளில் காந்தப் புலத்தை உண்டாக்குவது மின்னோட்டம்; அந்த ஓட்டத்தைக் கம்பிக்குள் தள்ளுவதோடு மின்னழுத்தத்தின் வேலை முடிந்துவிடுகிறது. மருத்துவமனைகளில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவியின் மீகடத்திச் சுருளில் மின்தடை இல்லாததால், ஒருமுறை ஏற்றிய மின்னோட்டம் வெளியிலிருந்து மின்னழுத்தம் ஏதும் தராமலே ஓடிக்கொண்டிருப்பதும், காந்தப் புலம் குறையாமல் நிற்பதும் இதற்குச் சான்று. ஆகவே ஆம்பியரைச் சுற்றுகளின் எண்ணிக்கையால் பெருக்கி வரும் ‘ஆம்பியர்-சுற்று’ எவ்வளவு என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு சுற்றுக்குச் சராசரியாக 4 சென்டிமீட்டர் கம்பி என்று கொண்டால், 200 சுற்றுக்கு 8 மீட்டர் ஆகும். அதன் தடை ஏறத்தாழ 2 ஓம். 6 வோல்ட்டில் 3 ஆம்பியர் ஓடும். பெருக்கினால் 600 ஆம்பியர்-சுற்று. நீங்கள் சுற்றுகளை 400 ஆக்கியபோது தடையும் 4 ஓமாக உயர்ந்து, ஓட்டம் 1.5 ஆம்பியராகக் குறைந்து, கணக்கு அதே 600-இல் வந்து நின்றுவிட்டது. (மேலடுக்குச் சுற்றுகள் சற்று நீளமானவை என்பதால் உண்மையில் அதற்கும் கொஞ்சம் குறைவாகவே இருக்கும்.) ஆனாலும் உங்கள் உழைப்பு வீண்போகவில்லை: வெப்பமாகும் திறன் 18 வாட்டிலிருந்து 9 வாட்டாக இறங்கியிருக்கிறது, பேட்டரியும் கூடுதல் நேரம் தாங்கும்.

வலுவைக் கூட்ட, அதே 400 சுற்றுக்கு 12 வோல்ட் கொடுக்கலாம். 6 வோல்ட் பேட்டரிதான் இருக்கிறது என்றால், கம்பியை 200 சுற்றுகள் கொண்ட இரண்டு சுருள்களாகப் பிரித்து, இரண்டிலும் மின்னோட்டம் ஒரே திசையில் சுற்றிவருமாறு பக்க இணைப்பில் (ஒவ்வொரு சுருளின் இரு முனைகளும் நேரடியாகப் பேட்டரியில் சேருமாறு) இணையுங்கள். எப்படிச் செய்தாலும் 1200 ஆம்பியர்-சுற்றும் 36 வாட் வெப்பமும் வரும் என்பதால், சில வினாடிகளுக்கு மேல் இணைப்பைத் தொடர விடாதீர்கள். சுருள்களைப் பேட்டரிக்கு ஏற்பப் பிரித்து இணைக்கும் இந்த உத்தி பழையது. அமெரிக்கரான ஜோசப் ஹென்றி 1831-ஆம் ஆண்டில், தனித்தனிச் சுருள்கள் பலவற்றைப் பக்க இணைப்பில் இணைத்த மின்காந்தத்தைக் கொண்டு ஏறக்குறைய 900 கிலோகிராம் எடையைத் தாங்கச் செய்தார்.

இழுவிசை காந்தப் புலத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், ஆம்பியர்-சுற்று இரட்டித்தால் தூக்கும் எடை நான்கு மடங்கை நெருங்கக்கூடும். ஆனால் புலம் 2 டெஸ்லாவை ஒட்டி வரும்போது இரும்பு தெவிட்டிவிடும்; அதாவது, அதற்குமேல் அதன் காந்தத்தன்மை கூடாது. அதற்குமேல் ஆம்பியரை ஏற்றினால் சுருள்தான் சுடும். பேட்டரியை மாற்றுமுன் போல்ட்டின் முனையிலுள்ள துருவையும் பூச்சையும் தேய்த்துச் சமப்படுத்திப் பாருங்கள். காகிதக் கனமுள்ள இடைவெளிகூட இழுவிசையைக் கணிசமாகக் குறைத்துவிடும்.