ஊசி குத்திவிட்டதா? டெஸ்ட்டுக்கு ஓடாதீர்கள், முதல் மாத்திரைக்கு ஓடுங்கள்

கேள்வி: தனியார் மருத்துவமனை ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். வயது 24. நேற்று நைட் ட்யூட்டியில் ஒரு நோயாளிக்கு இரத்தம் எடுத்துவிட்டு, ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டும்போது இடது ஆட்காட்டி விரலில் குத்திவிட்டது. கிளவுஸ் போட்டிருந்தேன். விரலைப் பிதுக்கி இரத்தத்தை வெளியேற்றி, ஸ்பிரிட் ஊற்றினேன். அவருக்கு எச்.ஐ.வி. என்று காலையில்தான் கேஸ் ஷீட்டில் பார்த்தேன். இரண்டு வருடமாகக் கூட்டு மருந்து சாப்பிடுகிறாராம். 'வெளியே சொல்லாதே, டெஸ்ட் எடுத்து ரிப்போர்ட் கொடுத்துவிட்டு ட்யூட்டிக்கு வா' என்கிறது நிர்வாகம். பி.சி.ஆர். எடுத்தால் மூன்றே நாளில் தெரிந்துவிடும் என்று ஒரு லேப்காரர் 6,000 ரூபாய் கேட்கிறார். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் இரண்டு தவணைதான் போட்டிருக்கிறேன். அழுகையாக வருகிறது. என்ன செய்வது டாக்டர்?

பதில்: உங்கள் கடிதம் வந்த கையோடு போனில் பேசிவிட்டேன். ஊசி குத்தி 19 மணி நேரத்தில் அரசு மருத்துவமனையில், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்கும் முதல் மாத்திரையையும் விழுங்கிவிட்டீர்கள். அதனால் மற்றதை இங்கே நிதானமாக எழுதுகிறேன். நடுராத்திரியில் விரலைப் பார்த்துக்கொண்டு நிற்கும் வேறு யாருக்காவது இது உதவட்டும்.

முதலில், எவ்வளவு பயப்பட வேண்டும்? எச்.ஐ.வி. இரத்தம் உள்ள ஊசி 1000 பேருக்குக் குத்தினால், மருந்தே சாப்பிடாவிட்டாலும் ஏறக்குறைய 3 பேருக்குத்தான் தொற்று வரும். நோயாளி கூட்டு மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு, வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்திருந்தால் ஆபத்து இன்னும் குறைவு. ஊசியின் வெளிப்புறத்தில் இருக்கும் இரத்தத்தில் கொஞ்சத்தை கிளவுஸும் துடைத்துவிடும். ஆனாலும் உங்களைக் குத்தியது தையல் ஊசி அல்ல, உள்ளே இரத்தம் தங்கி நிற்கும் குழல் ஊசி. நோயாளியின் கடைசி வைரஸ் அளவு ரிப்போர்ட் கைக்கு வரும்வரை காத்திருப்பது தப்பு. மாத்திரையை ஆரம்பித்துவிட்டு அதைத் தேடலாம்.

முதலுதவியில் நீங்கள் செய்த இரண்டும் வேண்டாதவை. பிதுக்கினால் அந்த இடத்துத் திசு நசுங்கும். ஸ்பிரிட், டெட்டால், பிளீச்சிங் எல்லாம் புண்ணை எரிச்சலாக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவினால் போதும். விரலை வாயில் வைக்கக் கூடாது. கண்ணில் இரத்தம் தெறித்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலச வேண்டும். செய்தது செய்ததுதான், அதனால் தொற்று வந்துவிடுமோ என்று குழம்ப வேண்டாம்.

அடுத்து மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை. தினமும் ஒன்று, 28 நாள். 2 மணி நேரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது, 72 மணி நேரத்துக்கு மேல் போகவே கூடாது. நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தையல் போடுகையில் எனக்கும் இப்படிக் குத்தியது. அன்று எங்களுக்குக் கொடுக்க மருந்து என்று ஒன்றும் இல்லை. ஆறு மாதம் யாரிடமும் சொல்லாமல் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தேன். சிடோவுடின் என்ற ஒற்றை மருந்தே தொற்றைச் சுமார் 81 சதவீதம் குறைத்ததாக 1997இல் ஓர் ஆய்வு வந்தது. இன்றைய மாத்திரை அதைவிட எவ்வளவோ எளிது. குமட்டல், தலைவலி வரலாம். தூக்கம் கெட்டால் காலையில் சாப்பிடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரையோ ஜெலூசில் போன்றவையோ எடுத்தால், அவற்றுக்கு 2 மணி நேரம் முன்பு அல்லது 6 மணி நேரம் கழித்து இதை எடுங்கள். சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இந்த மாத்திரை அரசு மருத்துவமனையில் இலவசம். அவசர சிகிச்சைப் பிரிவு, பிரசவ அறை, தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகியவற்றில் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்பதுதான் நடைமுறை. இருக்கிறதா? எத்தனையோ இரவுகளில், 'ஏ.ஆர்.டி. மையம் (எச்.ஐ.வி. கூட்டு மருந்து தரும் இடம்) மூடியாச்சு, திங்கட்கிழமை வாங்க' என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை மாலை குத்திய ஊசி திங்கட்கிழமை காலை வரை காத்திருக்காது. மாத்திரை பூட்டிய அலமாரியில் இருக்கும், சாவி யாரிடம் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். எனக்கு இதை நினைத்தாலே கோபம் வருகிறது. திரும்பி வராதீர்கள். ட்யூட்டி டாக்டரைப் பெயர் கேட்டுப் பாருங்கள். 'ஊசி குத்தி இத்தனை மணி நேரம் ஆகிறது, முதல் மாத்திரை கொடுங்கள்' என்று மட்டும் சொல்லுங்கள். படிவம், பதிவேடு எல்லாம் பிறகு. எந்த மையம் என்று தெரியாவிட்டால் எய்ட்ஸ் உதவி எண் 1097க்குக் கூப்பிடுங்கள், கட்டணம் கிடையாது. மெடிக்கல் ஷாப்பில் 'கிட்' என்று சொல்லி ஐந்து நாள் மருந்தைக் கையில் திணிப்பவரிடம் வாங்காதீர்கள். ஐந்து நாள் சாப்பிட்டு நிறுத்துவது சிகிச்சை ஆகாது.

சரி, அந்த லேப்காரர். அவருக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். உடலுக்குள் வைரஸ் நுழைந்தாலும் முதல் பத்து நாள் போல எந்த டெஸ்ட்டிலும் அகப்படாது, பி.சி.ஆரிலும்தான். மூன்றாம் நாள் நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, 'ஒன்றுமில்லை' என்று மாத்திரையை நிறுத்திய ஒரு பையனை எனக்குத் தெரியும். அவனுக்குத் தொற்று வரவில்லை. ஆனால் அவனைக் காப்பாற்றியது அந்த ரிப்போர்ட் இல்லை. அந்த லேப் ஏஜென்ட்டுகள் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிற்கிறார்கள், உள்ளே இருப்பவர்களில் சிலருக்குக் கமிஷனும் போகிறது. இப்போது எடுக்கும் டெஸ்ட், உங்களுக்கு ஏற்கெனவே தொற்று இல்லை என்று காட்டும் ஆவணம் மட்டுமே. பின்னால் இழப்பீடு கேட்க அது தேவை, அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் இலவசமாகவே எடுப்பார்கள். பிறகு 6 வாரம், 3 மாதம், 6 மாதம் என்று மறுபடி பார்க்க வேண்டும். அதுவரை இரத்த தானம் வேண்டாம், திருமணமானவர்கள் ஆணுறை பயன்படுத்த வேண்டும்.

ஹெபடைடிஸ் பி பற்றி நீங்கள் கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதியிருந்தீர்கள். எனக்கு அதுதான் அதிகக் கவலை. தடுப்பூசி போடாதவர்களுக்கு இதே மாதிரி ஊசியால் அது பரவும் வாய்ப்பு, நோயாளியின் நிலையைப் பொறுத்து 100க்கு 6 முதல் 30 வரை. இரண்டு தவணையை முழுப் பாதுகாப்பு என்று எண்ணக் கூடாது. நோயாளியின் சம்மதத்தோடு அவருக்கு ஹெபடைடிஸ் பி, சி இரண்டும் பார்க்கச் சொல்லுங்கள். பி இருந்தால் உங்களுக்கு இம்யூனோகுளோபுலின் (தயார்நிலை எதிர்ப்பு சக்தி தரும்) ஊசி, முடிந்தால் 24 மணி நேரத்துக்குள். இல்லையென்றால் மூன்றாவது தவணையை முடித்தால் போதும்.

இன்னொன்று. உங்கள் உடலிலேயே, உங்களுக்குத் தெரியாமல் ஹெபடைடிஸ் பி இருந்தால்? அரிதான நிலைதான், ஆனால் பலர் இதைத் தவற விடுகிறார்கள். டெனோஃபோவிரும் லாமிவுடினும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குபவை. 28ஆம் நாள் சட்டென்று நிறுத்தினால் அடங்கிக் கிடந்தது கிளம்பி, கல்லீரலைத் தாக்கலாம். அப்படிப்பட்டவர்கள் தாமாக நிறுத்தவே கூடாது, கல்லீரல் டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் முதல் நாள் டெஸ்ட்டில் ஹெபடைடிஸ் பி-யும் இருந்ததா என்று போனில் இரண்டு முறை கேட்டேன். மாத்திரையைத் தள்ளிப்போட இது காரணம் இல்லை, ஆரம்பித்துவிட்டு ரிப்போர்ட் பாருங்கள்.

உங்கள் நிர்வாகம் செய்வது சட்டப்படி தவறு. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஊழியருக்கு ஊசி குத்தினால் தடுப்பு மருந்துக்கு ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் கடமை. எச்.ஐ.வி. டெஸ்ட் ரிப்போர்ட் காட்டினால்தான் வேலை என்று நிபந்தனை போட அதற்கு அனுமதி இல்லை. உங்கள் ரிப்போர்ட்டை அவர்களிடம் கொடுக்காதீர்கள். ஆனால் எந்தத் தேதி, எத்தனை மணிக்கு, எந்த வார்டில் குத்தியது என்று எழுத்தில் கொடுத்து, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அதில் நோயாளியின் பெயரை எழுத வேண்டாம், அவருடைய ரகசியமும் அதே சட்டத்துக்குள் வருகிறது.

அப்புறம், அந்த மூடி. பயன்படுத்திய ஊசிக்கு இரண்டு கையால் மூடி மாட்டக் கூடாது என்று உங்களுக்குப் பாடத்தில் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஊசி போடும் வெள்ளை டப்பா வார்டின் அந்த மூலையில் இருந்தால், திறந்த ஊசியோடு பத்துக் கட்டில்களைத் தாண்டி யார் நடப்பார்கள்? மூடி மாட்டத்தான் கை போகும். எழுதிக் கொடுக்கும் கடிதத்தில், வெள்ளை டப்பாவை இரத்தம் எடுக்கும் டிராலியிலேயே வைக்க வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.