அலுவலகத்தின் காம்பிடென்சி ஃப்ரேம்வொர்க்கை வைத்துத் தலைமை மனப்பான்மையை வளர்த்துக்கொள்ள முடியுமா?

முடியும். ஒவ்வொரு பதவி நிலையிலும் இருப்பவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அலுவலகம் எழுதிவைத்திருக்கும் பட்டியல்தான் இந்த ஃப்ரேம்வொர்க். ஆனால் ஹெச்ஆர் அனுப்பும் பிபிடியைப் படித்து அது நடக்காது.

கேள்வியை வைத்துப் பார்த்தால், நீங்கள் சில வருடம் நன்றாக வேலை பார்த்தவர், டீம் லீட் பதவியை எதிர்பார்த்திருந்தவர், அப்ரைசலில் "லீடர்ஷிப் மைண்ட்செட் இன்னும் வளர வேண்டும்" என்ற ஒற்றை வரியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள் என்று ஊகிக்கிறேன். தப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். அந்த வரியை நானும் வாங்கியிருக்கிறேன். பிற்பாடு மேனேஜராகி, அதை எவ்வளவு அலட்சியமாக எழுதுகிறார்கள் என்பதைப் பக்கத்தில் உட்கார்ந்தும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இந்த ஃப்ரேம்வொர்க் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எப்படிப் பயன்படுத்துவது என்பதும் புரியும். 1973இல் டேவிட் மெக்லேலண்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், அறிவுத்திறன் தேர்வையும் கல்லூரி மதிப்பெண்ணையும் வைத்து ஒருவர் வேலையில் எப்படி இருப்பார் என்று சொல்லிவிட முடியாது என வாதிட்டு ஒரு கட்டுரை எழுதினார். அவர் குழு கையாண்ட முறையில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. ஒரு வேலையில் அபாரமாகச் செய்பவர்களிடமும் சுமாராகச் செய்பவர்களிடமும் தனித்தனியாகப் பேசுவார்கள். "உங்கள் பலம் என்ன?" என்றெல்லாம் கேட்பதில்லை. நடந்த சம்பவம் ஒன்றைச் சொல்லுங்கள், அப்போது என்ன செய்தீர்கள், என்ன நினைத்தீர்கள், யாரிடம் என்ன சொன்னீர்கள் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். முதல் வகையினரிடம் திரும்பத் திரும்பத் தென்பட்டு மற்றவர்களிடம் தென்படாதது எதுவோ, அதுதான் காம்பிடென்சி. 1982இல் ரிச்சர்ட் போயாட்சிஸ் இதை மேலாளர்களை வைத்து விரிவாக எழுதினார். 1993இல் லைல் ஸ்பென்சரும் சிக்னே ஸ்பென்சரும் எழுதிய பிறகு அந்தப் பனிப்பாறைப் படம் எல்லாப் பயிற்சி வகுப்புக்கும் வந்து சேர்ந்தது: அறிவும் திறமையும் தண்ணீருக்கு மேலே, தன்னைப் பற்றிய எண்ணமும் உள்நோக்கங்களும் கீழே.

நீங்கள் கேட்கும் மனப்பான்மை கீழே இருக்கும் சமாச்சாரம். அதை உங்கள் மேனேஜரால் பார்க்க முடியாது, நீங்கள் செய்வதைத்தான் பார்க்க முடியும். அதனால் ஃப்ரேம்வொர்க்கில் "தலைமை", "பொறுப்பு" போன்ற தலைப்புகளை விட்டுவிட்டு, அவற்றின் கீழே பொடி எழுத்தில் இருக்கும் நடத்தைக் குறிப்புகளைப் படியுங்கள். உயிர் அங்கேதான் இருக்கிறது.

இனி என் கதை. வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் நான் மேனேஜராக இருந்தபோது என் அணியில் ஒரு பெண் இருந்தார். மீட்டிங்கில் வாயே திறக்க மாட்டார். ஒருநாள் மென்பொருள் அப்டேட் ஒன்று சொதப்பி, ஆர்டர் போட்ட வாடிக்கையாளர்களுக்கெல்லாம் "உங்கள் ஆர்டர் ரத்து" என்று தானாகவே மெயில் போக ஆரம்பித்தது. ஷிப்ட் லீட் விடுப்பில். நானோ விமானத்தில். இவர் தொழில்நுட்பப் பிரிவைக் கூப்பிட்டு, முதலில் மெயிலை நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு பார்க்கலாம் என்று சொல்லி நிறுத்தவைத்தார். புதிதாகச் சேர்ந்த இருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, மெயில் போனவர்களுக்கு அவர்களையே போன் பேசவிட்டார். தடுமாறும்போது மட்டும் ஒரு துண்டுச் சீட்டு. வீட்டுக்குக் கிளம்பும் முன் அடுத்த ஷிப்டுக்கு ஒரு பக்கக் குறிப்பும் எழுதி வைத்துவிட்டார்.

அந்த வருடம் ரேட்டிங்கை இறுதிசெய்யும் காலிப்ரேஷன் கூட்டத்தில் அவர் பெயர் வந்தது. "நல்ல பொண்ணுதான், ஆனா பிரசன்ஸ் இல்ல" என்றார் வேறு பிரிவு மேனேஜர், சபையில் எடுபடும் தோரணை இல்லை என்ற அர்த்தத்தில். இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். நான் ஃப்ரேம்வொர்க் கோப்பைத் திரையில் திறந்து, "பிரசன்ஸ் எந்தப் பக்கத்துல இருக்கு?" என்று கேட்டேன். ஒருவர் நிஜமாகவே தேடிப் பார்த்தார். இல்லை. இருந்தது இதுதான்: "தகவல் முழுமையாக இல்லாதபோதும் உரிய நேரத்தில் முடிவெடுக்கிறார்." "பிறர் தாமே செய்து கற்க வழிவிடுகிறார்." இரண்டுக்கும் நேராக அந்த நாளில் நடந்ததை எழுதிக் காட்டினேன். அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. பெருமையாகச் சொல்கிறேன் என்றால், ஆமாம், பெருமைதான்.

பேச்சுத்திறனே வேண்டாம் என்று நான் சொல்வதாகக் கீழே யாராவது வருவார்கள். அப்படிச் சொல்லவில்லை. தொடர்பாடல் என்று அதற்குத் தனித் தலைப்பே இருந்தது, அதில் அவருக்குக் குறைவாகத்தான் போட்டேன். ஒன்றில் குறைந்ததை வைத்து எல்லாவற்றையும் குறைக்காதீர்கள் என்பதுதான் என் வாதம்.

இவ்வளவு செய்தும் அவருக்கு மேல் ரேட்டிங் கிடைக்கவில்லை. காரணம் பெல் கர்வ். "எதிர்பார்ப்புக்கு மேல்" என்ற பெட்டியில் இத்தனை சதவீதம் பேர்தான் இருக்கலாமாம், அது நிரம்பிவிட்டதாம். பத்துப் பேரும் நன்றாகச் செய்திருந்தாலும் அதில் ஒருவரைக் கடைசி என்று சொல்லியே தீர வேண்டும் என்பது என்ன கணக்கு? ஜெனரல் எலக்ட்ரிக்கின் தலைவராக இருந்த ஜாக் வெல்ச் ஊழியர்களை மேலே 20, நடுவில் 70, கடைசியில் 10 சதவீதம் என்று பிரித்தார், உலகமே காப்பியடித்தது. மைக்ரோசாஃப்ட் 2013இல் இந்த வரிசைப்படுத்தலைக் கைவிட்டது. நாங்கள் மட்டும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தோம். யாரைக் கீழே தள்ளலாம் என்று மேனேஜர்கள் பேரம் பேசிய அந்த மாலைகளை நினைத்தால் இப்போதும் எரிச்சல் வருகிறது. சரி, இது உங்கள் கேள்வி இல்லை.

உங்கள் கேள்விக்கான பதில் அதற்கப்புறம் நடந்ததில் இருக்கிறது. கூட்டத்தில் காட்டிய அந்தத் தாளை அவரிடமே கொடுத்தேன். படித்துவிட்டு, "நான் என்ன மேடம் பண்ணேன், என் வேலையத்தானே பார்த்தேன்" என்றார். ஆனால் அடுத்த காலாண்டில் அவரே வந்தார். "மேடம், மத்த பிரிவுகளோட சேர்ந்து செய்றதுன்னு ஒரு வரி இருக்கே, அதுக்கு நேரா எழுத எங்கிட்ட ஒண்ணுமே இல்ல. அடுத்து வர்ற ப்ராஜெக்ட்ல என்னைப் போடுங்க." பயிற்சி வகுப்புகளால் வராத மாற்றம் இது. தன்னை வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கிவிட்டார், அதனால் அடுத்து என்ன வேண்டும் என்று கேட்கத் தெரிந்தது. பிறகு வேறு பிரிவுக்கு மாறி அங்கே ஓர் அணியை நடத்துகிறார். மீட்டிங்கில் இன்னும் குறைவாகத்தான் பேசுகிறாராம்.

ஒருவரை வைத்து எல்லாருக்கும் சொல்கிறாயே என்றால், எனக்கு நேரடியாகத் தெரிந்ததைத்தான் சொல்ல முடியும். ஹெச்ஆர் நண்பர்களும் கோபப்பட வேண்டாம், நல்ல ஃப்ரேம்வொர்க்கை எழுதுவது எவ்வளவு சிரமம் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் செய்யக்கூடியது: உங்கள் இப்போதைய நிலைக்கான பக்கத்தை விட்டுவிட்டு, அடுத்த நிலைக்கான பக்கத்தை எடுங்கள். ஒவ்வொரு குறிப்புக்கும் நேராக நடந்த சம்பவம் ஒன்றை எழுதுங்கள். "நாங்கள் செய்தோம்" என்று எழுதாதீர்கள், அதில் உங்கள் முடிவு எது என்று எழுதுங்கள். எந்த வரி காலியாக இருக்கிறதோ அதை மேனேஜரிடம் கொண்டுபோய், இந்த மாதிரி முடிவெடுக்க எனக்கு எந்த வேலையைத் தர முடியும் என்று கேளுங்கள். பயிற்சிக்கு அனுப்புங்கள் என்று கேட்காதீர்கள், உடனே அனுப்பிவிடுவார்கள், விஷயமும் அதோடு முடிந்துவிடும். திரும்பத் திரும்பக் கேட்டும் ஒரு சின்ன முடிவைக்கூட உங்கள் கையில் விட மறுத்தால், குறை உங்கள் மைண்ட்செட்டில் இல்லை. அந்தத் தாளை வைத்துக்கொண்டு வேறு அணியைப் பார்க்கலாம், வெளியில் நேர்காணலுக்கும் அதுவே உதவும். அங்கேயும் இப்படித்தான் சம்பவம் சொல்லச் சொல்வார்கள்.

கமெண்டில் டெம்ப்ளேட் கேட்காதீர்கள், அப்படி எதுவும் என்னிடம் இல்லை. சாதாரண எக்செல் ஷீட் போதும்: தேதி, நான் எடுத்த முடிவு, அதனால் என்ன ஆனது.