குவாரிக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்: போவதா, புறக்கணிப்பதா?

சுற்றுச்சூழல், மின்சாரத் திட்டங்களுக்கான பொது விசாரணைகள் குறித்துக் கொங்கு வட்டார வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்க தோட்டத்துக்கு வடபுறம் ஏற்கெனவே ரெண்டு கல்குவாரி ஓடுதுங்க. இப்ப மூணாவதா ஒண்ணுக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம்னு பேப்பர்ல விளம்பரம் வந்திருக்குது. "போனா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும், ஒருத்தரும் போகக் கூடாது"ங்கறாங்க ஊருல. என்ன பண்றதுங்க?
– விவசாயி, பரமத்தி வட்டாரம்

பதில்: போங்கள். 2006 செப்டம்பர் 14-ல் வெளியான சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் நான்காம் பின்னிணைப்புதான் இந்தக் கூட்டத்துக்கான விதி. குறைந்தது இத்தனை பேர் வந்தாக வேண்டும் என்று அதில் எங்குமே இல்லை. ஊரே புறக்கணித்தாலும் கூட்டம் நடந்ததாகத்தான் கணக்கு. 'ஆட்சேபம் எதுவும் வரவில்லை' என்று எழுதி அனுப்பிவிடலாம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவது சம்மதம் ஆகாது. ஆனாலும் தலைப்பு எழுதாத தாளில் போட வேண்டாம். பெயருக்குப் பக்கத்தில் 'ஆட்சேபம் உண்டு' என்று எழுதிப் போட்டால் யாரும் தடுக்க முடியாது.

இது ஓட்டெடுப்பும் அல்ல. மேடையில் உட்காரும் ஆட்சியரோ, கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அவருடைய பிரதிநிதியோ, மாசு கட்டுப்பாட்டு வாரிய அதிகாரியோ அங்கே அனுமதி கொடுப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை. பேசியதைப் பதிந்து அனுப்புவதோடு அவர்கள் வேலை முடிந்தது. முடிவெடுப்பது சென்னையில் உள்ள மாநில சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம். அதற்கு யோசனை சொல்வது நிபுணர் மதிப்பீட்டுக் குழு. உங்கள் தோட்டத்தைப் பார்க்காதவர்கள் தாளைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். மைக்கைப் பிடித்துக் கத்தியது அந்தத் தாளில் 'பொதுமக்கள் எதிர்ப்பு தெரிவித்தனர்' என்ற ஒரே வரியாகச் சுருங்கிவிடும். புல எண்ணும் மீட்டர் கணக்கும் போட்டு எழுதிக் கொடுத்த மனு அப்படிச் சுருங்காது.

உங்கள் விஷயத்தில் 'மூணாவது' என்ற சொல்தான் முக்கியம். 5 ஹெக்டேருக்குக் குறைந்த குவாரிக்குத் தனியாக இருந்தால் இந்தக் கூட்டமே தேவைப்படாது. ஒன்றுக்கொன்று 500 மீட்டருக்குள் இருக்கும் குவாரிகளின் பரப்பைக் கூட்டி 5 ஹெக்டேருக்கு மேல் வந்தால் தொகுப்பாகக் கருதி சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையும் கூட்டமும் வேண்டும் என்பது 2018-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் போட்ட உத்தரவுக்குப் பிறகு வந்த நடைமுறை. ஆக, அறிக்கையில் உள்ள தூசி, லாரி நடை, வெடி அதிர்வு எல்லாமே மூன்று குவாரிக்கும் சேர்த்துக் கணக்கிட்டதாக இருக்க வேண்டும். புதிய குவாரிக்கு மட்டும் ஒரு நாளைக்கு இத்தனை லோடு என்று எழுதி விட்டிருந்தால் முதல் ஆட்சேபம் அதுதான்.

விளம்பரம் வந்த நாளிலிருந்து கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் இருக்க வேண்டும். ஒரு தேசிய நாளிதழிலும் ஒரு தமிழ் நாளிதழிலும் வந்திருக்க வேண்டும். விளம்பரத்தைத் தேதியோடு வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். வரைவு அறிக்கையும் அதன் தமிழ்ச் சுருக்கமும் ஆட்சியர் அலுவலகம், ஊராட்சி ஒன்றியம், மாவட்டத் தொழில் மையம், உங்கள் ஊராட்சி அலுவலகம் ஆகிய இடங்களில் பார்வைக்கு இருக்க வேண்டும். ஊராட்சி அலுவலகத்தில் 'இன்னும் வரலீங்க' என்றால், அன்றைக்கே மாவட்ட சுற்றுச்சூழல் பொறியாளருக்கு ஒரு கடிதம் கொடுத்து, நகலில் தேதி முத்திரை வாங்குங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டுக் காத்திருக்க வேண்டாம். அதற்குப் பதில் வரவே 30 நாள் ஆகும், அதற்குள் கூட்டம் முடிந்துவிடும். நேரில் போய்ப் பக்கம் பக்கமாகச் செல்போனில் படம் எடுத்துவிடுங்கள்.

கூட்ட நாளில் மனு இரண்டு நகல் கொண்டு போங்கள், ஒன்றில் முத்திரை வாங்க. பேசும்போது ஒரே ஒரு விஷயத்தைப் பேசினால் போதும், மீதி மனுவில் இருக்கட்டும். கூட்டம் முழுக்க வீடியோ எடுக்க வேண்டும் என்பது விதி. அதைவிட முக்கியம், கடைசியில் கூட்ட நடவடிக்கையின் சுருக்கத்தைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும் என்பது. நம் ஆட்கள் சாப்பாட்டு நேரத்துக்கே கலைந்துவிடுவார்கள். வாசிக்கிற வரைக்கும் நாலு பேராவது இருந்து, விட்டுப்போனதை அங்கேயே எழுந்து சொன்னால் அதுவும் வீடியோவில் ஏறும். கோயிலுக்கு நன்கொடை, பள்ளிக்கூடத்துக்குக் கட்டடம் என்று குவாரிக்காரர் வாக்குக் கொடுத்தால் எத்தனை ரூபாய், எந்த வருஷம் என்று கேட்டு அதையும் பதியச் சொல்லுங்கள். பதியாத வாக்கு காற்றோடு போச்சு.

கேள்வி: அறிக்கை முந்நூறு பக்கம் இங்கிலீஷில் இருக்கிறது. எந்தப் பக்கத்தில் எதைப் பார்ப்பது?
– ஆசிரியை, பல்லடம்

பதில்: முழுக்கப் படிக்க வேண்டியதில்லை. முதலில் வரைபடம், 'அருகிலுள்ள குடியிருப்பு' என்ற அட்டவணை. தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகள் 1959, குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல் குவாரிக்கு உரிமம் தரக் கூடாது என்கிறது. அறிக்கை எழுதுகிறவர் ஊர் நத்தத்தை நடுவாக வைத்துத் தூரம் போட்டிருப்பார். நம் பக்கத்தில் பாதிச் சனம் ஊருக்குள்ளேயே இல்லை; தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில்தான் குடியிருக்கிறது. அந்தச் சாளைகள் அட்டவணையில் வருவதில்லை. மனுவில் இப்படி எழுதலாம், மாதிரிக்கு:

'பக்கம் 74-ல் அருகிலுள்ள குடியிருப்பு 720 மீ என உள்ளது. புல எண் 112/2-ல் உள்ள எங்கள் வீடு குவாரி எல்லைக் கல்லிலிருந்து தென்கிழக்கே 240 மீ. வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு அட்டை நகல் இணைத்துள்ளேன். அளந்து சரிபார்க்கக் கோருகிறேன்.'

நாலு வரிதான். ஆனால் நிபுணர் குழு இதற்குப் பதில் கேட்காமல் தாண்டிப் போவது கஷ்டம்.

அடுத்து காற்று. அடிப்படை அளவீடுகளை மழைக்காலம் அல்லாத ஒரு பருவத்தில், மூன்று மாதம் எடுத்தால் போதும் என்பது வழக்கம். எந்த மூன்று மாதம் என்று பாருங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை என்றால் அப்போது கிழக்கேயிருந்து காற்று. தூசி மேற்கே போவதாகப் படம் காட்டும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று பல்லடத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த மாதங்களில் தூசி முழுக்கக் கிழக்குத் தோட்டங்களுக்கு வரும். அந்தக் கணக்கு அறிக்கையில் இருக்காது. கருவியை எந்த இடத்தில் வைத்து அளந்தார்கள் என்பதையும் பாருங்கள். 10 மைக்ரான் தூசிக்கு 24 மணி நேர வரம்பு ஒரு கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம். குவாரி வருவதற்கு முன்பே 80 இருந்தால், சேரப்போவது எவ்வளவு, மொத்தம் எவ்வளவு என்று கேட்க வேண்டும்.

தண்ணீருக்கு: ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள கிணறு, போர் எல்லாவற்றுக்கும் ஆழமும் நீர்மட்டமும், அளந்த மாதமும் இருக்கிறதா? 'குழி நீர்மட்டத்தைத் தொடாது' என்ற வரி கோடையில் வற்றின கிணற்றை அளந்து எழுதியதாக இருக்கலாம். உங்கள் கிணற்றின் ஆழம், ஐப்பசி கார்த்திகையில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது, எத்தனை எச்.பி. மோட்டார் ஓடுகிறது என்று நீங்களே ஒரு பட்டியல் போட்டுக் கொடுங்கள்.

வெடிக்கு: சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரம்பு குடியிருப்புக் கட்டடங்களுக்கு அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழே நொடிக்கு 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. ஒரு தடவைக்கு எத்தனை கிலோ வெடிமருந்து, அதற்கு மிக அருகிலுள்ள சாளையில் அதிர்வு எவ்வளவு என்று கேளுங்கள். 'கட்டுப்படுத்தப்பட்ட வெடிப்பு' என்பது பதில் அல்ல.

கடைசியாக, வேறு மாவட்டத்து ஓடைப் பெயரோ, நம் பக்கம் இல்லாத பயிரோ இருக்கிறதா என்று தேடுங்கள். பழைய அறிக்கையை வெட்டி ஒட்டியதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

கேள்வி: எல்லாம் செய்தும் அனுமதி கொடுத்துவிட்டார்கள். இனி என்ன?
– வாசகர், காங்கேயம்

பதில்: தேதி பார்த்து வேலை செய்யுங்கள். அனுமதி வெளியான 30 நாளுக்குள் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வில் மேல்முறையீடு செய்யலாம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் கிடைக்கும். 90 தாண்டினால் தீர்ப்பாயமே நினைத்தாலும் ஏற்க முடியாது. அனுமதி கிடைத்த 7 நாளுக்குள் திட்டக்காரர் இரண்டு உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் தர வேண்டும். அது யார் கண்ணிலும் படாத மூலையில் வரும். மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் வாரம் ஒருமுறை பாருங்கள். கூட்டத்தில் நீங்கள் கொடுத்த முத்திரை போட்ட மனு அப்போதுதான் உதவும்: 'இதைச் சொன்னோம், பரிசீலிக்கவில்லை' என்பதே பலமான வாதம். ஜூன் 1, டிசம்பர் 1 என அரையாண்டுக்கு ஒருமுறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கையும் தாக்கல் செய்தாக வேண்டும். அதையும் கேட்டு வாங்கலாம்.

கேள்வி: கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடறதுனால எத்தனை கிணத்து ஊத்து போகும்! அதுக்கு ஏன் இப்படி ஒரு கூட்டம் போடலை?
– விவசாயி, பெருந்துறை

பதில்: அதே 2006 அறிவிக்கையின் ஏழாம் பத்தி பாசனத் திட்டங்களை நவீனப்படுத்துவதற்குக் கருத்துக் கேட்பிலிருந்து விலக்கு அளிக்கிறது. சட்டத்தை எழுதியவர்கள் வாய்க்காலைத் தண்ணீர் போகும் குழாயாகத்தான் பார்த்திருக்கிறார்கள். 2,07,000 ஏக்கர் என்ற ஆயக்கட்டுக் கணக்கில் கசிவுநீரை நம்பியிருக்கும் கிணறுகள் வருவதே இல்லை. விலக்கு இருப்பதால் வழி நீர்வளத் துறையும், மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டமும், உயர் நீதிமன்றமும்தான்.

கேள்வி: ஊரைச் சுற்றிலும் சோலார் பேனல், காத்தாடி. இவற்றுக்குக் கூட்டம் உண்டா?
– வாசகர், தாராபுரம்

பதில்: கிடையாது. காற்றாலையும் சூரிய மின் நிலையமும் அறிவிக்கையின் அட்டவணையிலேயே இல்லை. ஓடையையோ வண்டிப்பாதையையோ வளைத்திருந்தால் வட்டாட்சியரிடம் புகார் கொடுங்கள், கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். தீர்மானம் யாரையும் கட்டுப்படுத்தாது என்றாலும் பின்னால் வழக்குக்கு ஆவணமாக நிற்கும்.

கேள்வி: உயர்மின் கோபுரத்துக்கும் எரிவாயுக் குழாய்க்கும் எங்களைக் கேட்கவே மாட்டார்களா?
– தென்னை விவசாயி, அவிநாசி

பதில்: இரண்டுக்கும் சட்டம் வேறு வேறு. குழாய்க்கு 1962-ஆம் வருடச் சட்டம். அறிவிக்கை வந்த 21 நாளுக்குள் நில உரிமையாளர் எழுத்தில் ஆட்சேபம் தரலாம். தந்தால் அதிகாரி நேரில் கேட்டாக வேண்டும். கெயில் நிறுவனத்தின் எரிவாயுக் குழாய்க்கு 2013 மார்ச்சில் ஏழு மாவட்ட விவசாயிகளிடம் கோவையில் கருத்துக் கேட்டு, மாநில அரசு நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகச் சொன்னது. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசு கூட்டிய கூட்டத்தை நம்பி 21 நாளைத் தவறவிடக் கூடாது.

கோபுரத்துக்கு 1885-ஆம் வருடத் தந்திச் சட்டத்து அதிகாரத்தை மின்சாரச் சட்டத்தின் 164-ஆம் பிரிவு வழியாக வாங்கிக்கொள்கிறார்கள், சம்மதம் தேவையில்லை. நீங்கள் தடுத்தால் ஆட்சியர் விசாரணைக்குக் கூப்பிடுவார். அங்கே 'வேண்டாம்' என்பதோடு நிறுத்தாமல், தடத்தை எந்தப் புல எண் வழியாக எத்தனை மீட்டர் நகர்த்தலாம் என்று வரைபடத்தோடு கேளுங்கள். நோட்டீஸ் வரும் முன்பே கிராம நிர்வாக அலுவலரிடம் சொல்லி எத்தனை தென்னை, எத்தனை வயது, போர், குழாய் எல்லாம் அடங்கலில் (கிராமப் பயிர்க் கணக்கில்) ஏற்றிவிடுங்கள். அடங்கலில் மானாவாரிச் சோளம் என்று கிடந்தால் தென்னைக்கு இழப்பீடு வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

கேள்வி: மின் கட்டணம் வருஷா வருஷம் ஜூலையில் ஏறுகிறது. 2022-க்குப் பிறகு கருத்துக் கேட்புக் கூட்டமே இல்லையே?
– ஒர்க்‌ஷாப் உரிமையாளர், கணபதி, கோவை

பதில்: 2022 ஆகஸ்டில் கோவை, மதுரை, சென்னையில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் கருத்துக் கேட்டது, செப்டம்பர் 10 முதல் புதிய கட்டணம் வந்தது. அந்த ஆணையிலேயே 2026-27 வரை ஒவ்வொரு ஜூலையிலும் நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி, 6 சதவீதத்துக்கு மிகாமல் ஏற்றிக்கொள்ளலாம் என்று சூத்திரம் போட்டுவிட்டார்கள். அதனால்தான் 2023-ல் 2.18, 2024-ல் 4.83 சதவீத உயர்வுக்குக் கூட்டம் இல்லை. இந்தக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அடுத்த மனு வரும்போது சங்கங்கள் தயாராக இருக்க வேண்டும். மனு முறையாக வந்தால் 120 நாளுக்குள் ஆணையம் ஆணை போட்டாக வேண்டும், அவகாசம் அதிகம் இல்லை.

தயாரிப்பு என்றால் பன்னிரண்டு மாத பில். மாதவாரியாக யூனிட், நிலைக்கட்டணம், உச்சநேரக் கட்டணம், மொத்தம். மொத்தத்தை யூனிட்டால் வகுத்தால் உண்மையில் ஒரு யூனிட்டுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்று தெரியும். ஆர்டர் இல்லாத மாதத்தில் அந்த எண் எங்கே போகிறது என்று காட்டுங்கள். உயரழுத்த இணைப்பில் ஒப்பந்தத் தேவை (வாங்கிக்கொள்வதாக ஒப்புக்கொண்ட மின்பளு) 100 கேவிஏ, பதிவானது 60 என்றாலும் 90-க்குக் கட்ட வேண்டும். 'தொழில் நசிந்துவிட்டது' என்று பத்துப் பேர் பேசுவதைவிட, 'அந்த 90 சதவீதத்தை இத்தனையாகக் குறையுங்கள்' என்று ஒருவர் பில்லோடு கேட்பது ஆணையில் பதிலாக வரும். பதில் திருப்தி இல்லை என்றால் 45 நாளுக்குள் டெல்லி மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம்.

விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் போன்றவை ஆணையம் கொடுப்பதல்ல. மின்சாரச் சட்டம் 65-ஆம் பிரிவின்படி அரசு முன்கூட்டியே பணம் கட்டித் தரும் மானியம். அதைக் கூட்டத்தில் கேட்டால் 'அரசிடம் கேளுங்கள்' என்ற பதிலோடு உங்களுக்குக் கொடுத்த நேரம் தீர்ந்துவிடும்.