நரி வேட்டை நாய்கள் நம் நிலத்துக்குள் வந்தால்?

கேள்வி: இங்கிலாந்தில் டெவன் பகுதியில் கொஞ்சம் நிலம் வாங்கி ஆடு வளர்க்கிறோம். போன குளிர்காலத்தில் இரண்டு முறை நரி வேட்டைக் குழுவின் நாய்கள் எங்கள் நிலத்தில் புகுந்தன. பின்னாலேயே குதிரைகளும் வந்தன. உயிர்வேலி ஓரிடத்தில் பிய்ந்துபோனது, சினை ஆடுகள் மிரண்டு ஓடின. போலீஸ் ‘இது சிவில் விவகாரம்’ என்று சொல்லிவிட்டது. வேட்டைகளைக் கண்காணிக்கும் தன்னார்வலர்கள், எங்கள் நிலத்தில் நின்று படம் பிடித்துத் தருவதாகச் சொல்கிறார்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவருக்கும் இதே தொல்லைதான். அந்தத் தன்னார்வலர்களை உள்ளே விடலாமா? பின்னால் எங்களுக்குச் சிக்கல் வருமா?

பதில்: தாராளமாக விடலாம். ஆனால் அதற்கு முன் உங்கள் நிலப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். கிராமப்புற நிலத்தை விற்பவர்கள் சில சமயம் வேட்டை உரிமையை மட்டும் தங்களிடம் நிறுத்திக்கொள்வது உண்டு. குத்தகை நிலமானால் உரிமையாளர் அப்படி வைத்திருக்கலாம். அப்படி ஒரு வரி இருந்தால் கதையே மாறிவிடும். அதன் வாசகத்தை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இல்லையென்றால் கவலை வேண்டாம்.

போலீஸ் சொன்னது பாதி சரி. வெறும் அத்துமீறல் இங்கே சிவில் தவறுதான். ஆனால் 2005 பிப்ரவரி 18 முதல் நடைமுறையில் இருக்கும் 2004ஆம் ஆண்டு வேட்டைச் சட்டப்படி, நாய்களைக் கொண்டு நரியை வேட்டையாடுவது, சில விதிவிலக்குகள் நீங்கலாக, குற்றம். நாங்கள் ‘ட்ரெயில் ஹண்டிங்’தான் செய்கிறோம், முன்கூட்டிப் போட்ட வாசனைத் தடத்தைத்தான் நாய்கள் பின்தொடர்கின்றன என்று வேட்டைக் குழு சொல்லும். உங்கள் அனுமதியில்லாமல் உங்கள் வயலில் யார் தடம் போட்டது என்பதற்கு அவர்களிடம் என்ன பதில் இருக்கும் என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசைதான். இன்னொரு விஷயத்தையும் கவனியுங்கள். அதே சட்டத்தின் 3ஆம் பிரிவு, சட்டவிரோத வேட்டைக்குத் தன் நிலத்தைத் தெரிந்தே அனுமதிக்கும் உரிமையாளரையும் குற்றவாளியாக்குகிறது. அதனால் ‘வராதே’ என்று எழுத்தில் சொல்லிவைப்பது உங்களுக்கும் பாதுகாப்பு.

நரி வேட்டை என்பதற்காக ஒருவர் விருப்பத்துக்கு மாறாக அவர் நிலத்தில் நுழைய முடியாது என்பது 1878லேயே ‘பால் எதிர் சம்மர்ஹேஸ்’ வழக்கில் தீர்ந்துபோன விஷயம். உங்களுக்கு அதைவிட உதவுவது, வேட்டையை எதிர்க்கும் ஓர் அமைப்பு தொடுத்து 1985இல் தீர்ப்பான ‘லீக் அகென்ஸ்ட் க்ரூயல் ஸ்போர்ட்ஸ் எதிர் ஸ்காட்’ வழக்கு. எக்ஸ்மூர் பகுதியில் மான்களுக்குப் புகலிடமாக அந்த அமைப்பு வாங்கிப்போட்டிருந்த நிலங்களில் வேட்டை நாய்கள் திரும்பத் திரும்ப நுழைந்தன. நாய்க்கு எல்லை தெரியுமா என்பதுதான் இப்படிப்பட்ட வழக்குகளில் எப்போதும் வரும் வாதம். நாய்க்குத் தெரியாது, வேட்டையை நடத்தும் பொறுப்பாளரான ‘மாஸ்டருக்கு’த் தெரியும் என்ற வழியில் போனது தீர்ப்பு. நாய்கள் உள்ளே போகவேண்டும் என்று அவர் நினைத்திருந்தாலும் பொறுப்பு, கவனக்குறைவால் தடுக்காமல் விட்டாலும் பொறுப்பு. நாய்க்கூட்டத்தைத் தடுக்கவே முடியாத இடம் என்று தெரிந்தும் பக்கத்திலேயே தொடர்ந்து வேட்டையாடினால், உள்நோக்கம் இருந்ததாகவே நீதிமன்றம் முடிவுக்கு வரலாம்.

இதனால்தான் நோட்டீஸ் முக்கியம். எல்லையைக் குறித்த வரைபடத்தோடு, நாய், குதிரை, ஆள், வண்டி எதற்கும் அனுமதியில்லை என்று எழுதி, வேட்டைக் குழுவின் மாஸ்டர்கள் ஒவ்வொருவர் பெயருக்கும் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். குழுவின் பெயருக்கு மட்டும் அனுப்பினால் போதாது. அது பெரும்பாலும் சட்டப்படி தனி நபராக இருக்காது, வழக்கு என்று வந்தால் மாஸ்டர்கள் மேல்தான் போடவேண்டியிருக்கும். நகலைப் போலீஸுக்கும் கொடுங்கள். பக்கத்துப் பண்ணைக்காரர்கள் இருவரும் தனித்தனியே நோட்டீஸ் அனுப்பட்டும், ஆனால் மூன்று நிலங்களையும் காட்டும் ஒரே வரைபடத்தை எல்லோரும் இணையுங்கள். தனியாக ஒரு துண்டு நிலம் என்றால் ‘கண்ணில் படவில்லை’ என்று நழுவலாம். சேர்ந்தாற்போல மூன்று பண்ணைகள் மூடியிருந்தால் அது எடுபடாது. நவம்பரில்தான் முறையான சீசன் என்றாலும், அறுவடை முடிந்ததுமே இலையுதிர்கால வேட்டை தொடங்கிவிடும். ஆகஸ்டுக்கு முன்பே இதை முடித்துவிடுங்கள்.

அப்புறம் தன்னார்வலர்கள். இன்னின்னார், இந்த நிலத்தில், இந்த மாதங்களில், என் சார்பில் பார்வையிடவும், அத்துமீறுவோரை வெளியேறச் சொல்லவும், படம் எடுக்கவும் அனுமதி என்று ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொடுங்கள். அது கையில் இருக்கும்வரை உங்கள் நிலத்தில் அவர்கள் அத்துமீறியவர்கள் ஆகமாட்டார்கள். வேலியைத் தாண்டி, வேட்டைக்கு அனுமதி கொடுத்த அடுத்தவர் நிலத்தில் கால் வைத்தால் நிலைமை வேறு. அங்கே சட்டப்படி நடக்கும் ஒரு செயலைத் தடுக்க முயன்றால், 1994ஆம் ஆண்டு குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி அவர்கள்மேலேயே குற்ற வழக்கு வரலாம். குதிரையின் கடிவாளத்தைப் பிடிப்பது, யாரையும் தள்ளுவது எதுவும் கூடாது. அத்துமீறியவரை வெளியேற்ற நியாயமான அளவு பலம் பயன்படுத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது என்று யாராவது சொன்னால், அது உண்மைதான். ஆனாலும் வேண்டாம் என்பேன். எது நியாயமான அளவு என்று வாதாடவேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.

உங்களுக்கு வரக்கூடிய சிக்கல் ஒன்று உண்டு. அனுமதித்து உள்ளே விட்டவர்களின் பாதுகாப்புக்கு 1957ஆம் ஆண்டு ‘ஆக்குபையர்ஸ் லயபிலிட்டி’ சட்டப்படி நீங்கள் பொறுப்பு. மின்வேலி, குழி, முரட்டுக் கிடா எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். பண்ணைக் காப்பீடு இவர்களுக்கும் பொருந்துமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படத்தில் என்ன இருக்கவேண்டும்? நாய்கள் ஓடுவது மட்டும் போதாது. எல்லை எங்கே, நேரம் என்ன, யாராவது நாய்களைத் திருப்பி அழைத்தார்களா, கொம்பு ஊதினார்களா, எவ்வளவு நேரம் சும்மா நின்று பார்த்தார்கள் என்பதெல்லாம் தெரியவேண்டும். கவனக்குறைவை நிரூபிப்பது இவைதான். நிலத்தின் குறுக்கே பொது நடைபாதை போனால் அதையும் வரைபடத்தில் குறியுங்கள். அதில் யாரும் நடந்து போகலாம், ஆனால் குதிரையில் போக உரிமையில்லை. குதிரைகளுக்கான பொதுப் பாதை என்றால் அது வேறு.

நரியைத் துரத்துவது பதிவானால் உடனே போலீஸிடம் கொடுங்கள். வேட்டைச் சட்டக் குற்றத்துக்கு ஆறு மாதத்துக்குள் வழக்கு தொடங்கவேண்டும். அத்துமீறலுக்கான சிவில் வழக்குக்கு ஆறு ஆண்டு அவகாசம் உண்டு. அதில் நஷ்டஈடு பெரிதாக வராது. நீங்கள் கேட்கவேண்டியது தடை உத்தரவு. அதை மீறினால் நீதிமன்ற அவமதிப்பு. வேலியைப் பழுதுபார்த்த ரசீது இருந்தால் பத்திரமாக வையுங்கள். இனி நாய்கள் ஆட்டைக் கடித்தாலோ கொன்றாலோ, 1971ஆம் ஆண்டு விலங்குகள் சட்டப்படி நாய்களை வைத்திருப்பவர், தன் தவறு இல்லாவிட்டாலும், பெரும்பாலும் நஷ்டஈடு கொடுத்தாகவேண்டும். அன்றைக்கே கால்நடை மருத்துவரை வரவழைத்துச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.