நடைக்கு நாள் குறிக்காதீர்கள்

கேள்வி: என் மகன் வயிற்றுப் பேரனுக்கு 14 மாதம் ஆகிறது, இன்னும் நடக்கவில்லை. தீபாவளிக்குப் பெங்களூரிலிருந்து வருகிறார்கள். என் நாத்தனாரின் பேத்தி பத்து மாதத்திலேயே நடந்துவிட்டாள். வீடு நிறையச் சொந்தக்காரர்கள் கூடும் நாளில் எல்லோரும் கேட்பார்களே என்று, இப்போதே ஒரு வாக்கர் வாங்கிப் பழக்கச் சொன்னேன். "வாக்கரும் வேண்டாம், யார் முன்னாலும் அவனை நடந்து காட்டச் சொல்லவும் வேண்டாம், அத்தை" என்று மருமகள் நேருக்கு நேர் சொல்லிவிட்டாள். பெரியவர்கள் பேச்சுக்கு இவ்வளவுதான் மரியாதையா?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: உங்கள் கடிதத்தில் பேரனைப் பற்றி ஒரே ஒரு செய்திதான் இருக்கிறது, மற்றதெல்லாம் சொந்தக்காரர்களைப் பற்றியது. அவன் கட்டில் விளிம்பைப் பிடித்து எழுந்து நிற்கிறானா, சுவரைத் தொட்டபடி பக்கவாட்டில் நகர்கிறானா என்று ஒரு வரி இல்லை. நாத்தனாரின் பேத்தி நடந்த மாதம் மட்டும் துல்லியமாக இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் இந்தியா, கானா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் ஆரோக்கியமான குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2006இல் வெளியிட்ட அளவுகோலின்படி, பிடிமானம் இல்லாமல் நடக்கத் தொடங்கும் வயது ஏறத்தாழ 8 மாதத்திலிருந்து 17½ மாதம் வரை விரிகிறது. அந்தப் பேத்தியின் பத்தாம் மாதமும் உங்கள் பேரனின் பதினான்காம் மாதமும் இந்த எல்லைக்குள்தான் அடங்குகின்றன. அந்தக் குழந்தைகளில் நூற்றுக்கு நான்கு பேர் முட்டி போட்டுத் தவழவே இல்லை. உங்கள் பேரன் குறைமாதத்தில் பிறந்தவனாக இருந்தால், பிறந்த நாளிலிருந்து அல்லாமல், மருத்துவர் குறித்துக் கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து மாதத்தை எண்ண வேண்டும். நம் பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் வாரானைப் பருவத்தில் குழந்தையை "வருக, வருக" என்று கெஞ்சித்தான் அழைத்தார்கள். ஒப்பிடுவதையும் மிரட்டுவதையும், குழந்தையோடு விளையாட வரும்படி நிலவை அழைக்கும் அம்புலிப் பருவத்தில், அந்த நிலவுக்கென்று ஒதுக்கி வைத்தார்கள்.

வாக்கர் விஷயத்தில் உங்கள் மருமகள் சொன்னது முழுக்கச் சரி. அதில் உட்கார்ந்த குழந்தை கால்விரல் நுனியால் தரையை உந்தித் தள்ளுமே தவிர, தன் உடல் எடையைத் தானே தாங்கிச் சமன் செய்யக் கற்றுக்கொள்வதில்லை. ஆகவே அது நடையை முந்திக் கொண்டுவராது. வாசற்படியில் உருண்டு விழுவதும், எட்டாத உயரத்தில் வைத்த சூடான பாத்திரம் எட்டிவிடுவதும்தான் மிச்சம். கனடா 2004இலேயே இதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நம் ஊர் மரநடைவண்டியை இதோடு சேர்க்க வேண்டாம். அதில் குழந்தை தன் காலில் நின்று தள்ளுகிறது, பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

இனி அந்தத் தீபாவளிக் காலையை நினைத்துப் பாருங்கள். இருட்டோடு எழுப்பி, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, விறைப்பான ஜரிகை வேட்டியை ஒட்டிவிட்டு, வழுவழுப்பான டைல்ஸ் தரையில் நிறுத்துவீர்கள். வேட்டி முட்டியில் தட்டும். தெருவில் சரவெடி அதிரும். அவன் இதுவரை பார்த்திராத பத்துப் பேர் கைதட்டி "வாடா, வாடா" என்பார்கள். நன்றாக நடக்கும் குழந்தையே அந்த நிலையில் உட்கார்ந்து அழுதுவிடும். இந்த வயதில் புதுமுகங்களைக் கண்டு அம்மாவின் தோளில் முகம் புதைப்பதும் வளர்ச்சியின் அடையாளமே என்பதால், அதற்கும் சேர்த்து "பையன் ஒட்டவே மாட்டேன் என்கிறான்" என்று ஒரு குறை எழுத வேண்டாம். புதுத்துணியைப் படத்துக்கு மட்டும் போட்டுக் கழற்றிவிடுங்கள். வெறுங்காலும் பருத்தி ஜட்டியுமாக, பிடித்து நகரும்படி கனமான நாற்காலிகளை வரிசையாகப் போட்ட ஒரு தனி அறையில் அவனை விடுங்கள்.

கவலைப்பட வேண்டிய இடங்கள் வேறு. பிடித்துக்கொண்டும் நிற்க முடியாமை, ஒரு பக்கக் கையையோ காலையோ மட்டும் பயன்படுத்துதல், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, முன்பு செய்ததை இப்போது செய்யாமல் விட்டுவிடுதல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைக் கண்டால், பண்டிகை முடியட்டும் என்று காத்திராமல் குழந்தை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இவை எதுவும் இல்லாவிட்டாலும், 18 மாதம் நிறைந்தும் நடக்கவில்லை என்றால் காட்டியே ஆக வேண்டும்.

மரியாதை பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். மருமகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் பேசவில்லை. "அத்தை" என்று அழைத்து உங்களிடமே சொல்லியிருக்கிறாள். தன் பிள்ளைக்காகப் பேசுவது அவமரியாதை ஆகாது. நாத்தனார் கேட்கும்போது அந்தப் பெண் பதில் தேடித் தவிக்கும்படி விடாமல், "மருத்துவர் சொன்ன காலத்துக்குள்தான் இருக்கிறான்" என்று நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிட்டு, அதிரசத் தட்டை நீட்டுங்கள்.