ஆலங்கட்டியில் உடைந்த கூரை: காப்பீட்டுப் பணத்தை எப்படிக் கேட்பது?

கேள்வி: எங்கள் ஊர் தேன்கனிக்கோட்டை பக்கம். சித்திரையில் பெய்த ஆலங்கட்டி மழையில் மாடியில் போட்டிருந்த சிமென்ட் ஷீட்டுகளில் 14 உடைந்துவிட்டன. தண்ணீர் இறங்கி உள்ளே சீலிங்கும் வீண். இரண்டு சோலார் பேனல்களிலும் விரிசல். வீட்டுக் கடன் வாங்கியபோது போட்ட ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டுப் பாலிசி நடப்பில் இருக்கிறது. ஆனால் காப்பீட்டு நிறுவனத்துக்காகச் சேதத்தை மதிப்பிட வந்த சர்வேயர், “பாலிசியில் ஆலங்கட்டி என்ற வார்த்தையே இல்லை, ஷீட்டும் பழசு” என்கிறார். வி.ஏ.ஓ.விடம் மனு கொடுத்தால் அரசுப் பணம் வரும் என்கிறார்கள் ஊரில். எந்த வழியில் போவது?

பதில்: இரண்டு வழியிலும் போங்கள். ஆனால் அரசு தருவது நிவாரணம். காப்பீடோ நீங்கள் பிரீமியம் கட்டி வாங்கிய உரிமை. அலைச்சலைக் காப்பீட்டுக்காகப் படுங்கள்.

நிவாரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கான பட்டியலில் ஆலங்கட்டி மழையும் உண்டு. 2022–26 காலத்துக்கான விதிமுறைப்படி, சமவெளியில் முழுதாக இடிந்த வீட்டுக்கு 1,20,000 ரூபாய். குறைந்தது 15 சதவீதம் சேதமடைந்த பக்கா வீட்டுக்கு 6,500 ரூபாய், கச்சா வீட்டுக்கு 4,000 ரூபாய். மாட்டுக்கொட்டகை போயிருந்தால் அதற்குத் தனியாக 3,000 ரூபாய். வீடு அனுமதி பெற்ற கட்டடமாக இருக்க வேண்டும் என்பதால் வீட்டு வரி ரசீது, பட்டா நகல் இரண்டையும் சேர்த்து வட்டாட்சியருக்கு மனு கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். பதில் இல்லையென்றால் திங்கட்கிழமை குறைதீர் நாளில் ஆட்சியரகத்தில் கொடுக்கலாம். தொகை சிறியதுதான். ஆனாலும் வி.ஏ.ஓ. தரும் சேத அறிக்கை, இன்ன தேதியில் உங்கள் ஊரில் ஆலங்கட்டி பெய்தது என்பதற்கு அரசுத் தரப்புச் சான்று. காப்பீட்டு வழக்கில் அதற்கு மதிப்பு அதிகம்.

இனி சர்வேயர் சொன்னது. பாலிசியில் ஆலங்கட்டி என்று தனியாக இல்லை என்பது சரிதான். ஆனால் ‘ஸ்டார்ம்’ (புயல்), ‘டெம்பெஸ்ட்’ (கடும் புயல்) இரண்டும் அதில் இருக்கின்றன. ஆலங்கட்டி இடி, காற்றோடு வரும் புயல்மழையின் பகுதி. போதாததற்கு, வெளியிலிருந்து எந்தப் பொருள் வந்து மோதினாலும் ஏற்படும் ‘இம்பாக்ட் டேமேஜ்’ என்ற தலைப்பும் உண்டு. வாசகத்துக்கு இரண்டு பொருள் வந்தால் பாலிசிதாரருக்குச் சாதகமான பொருளையே கொள்ள வேண்டும் என்பது நீதிமன்றங்கள் ஏற்ற விதி. சர்வேயர் வாயால் சொல்வது மறுப்பு ஆகாது. எந்த ஷரத்தின்படி மறுக்கிறீர்கள் என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.

‘பழசு’ என்ற வாதமும் நிற்காது. இந்தப் பாலிசி சேதப் பகுதியைப் புதிதாக இருந்த நிலைக்குக் கொண்டுவரும் செலவைத் தருவது. தேய்மானம் கழிக்கக் கூடாது. நிலையாகப் பொருத்திய தண்ணீர்த் தொட்டி, சோலார் பேனல் எல்லாம் கட்டடக் கணக்கில் சேரும். ஆனால் மழைக்கு முன்பே விரிசல் விட்டிருந்த ஷீட்டுக்குப் பணம் வராது. கிளெய்ம் அடிவாங்கக்கூடிய இடம் இது. எனவே உடைந்த விளிம்பை மிக அருகில் படம் எடுங்கள். புது உடைவு வெளிர் சாம்பல் நிறத்தில் சுத்தமாக இருக்கும். பழைய விரிசலில் கறுப்பும் பாசியும் படிந்திருக்கும். ஒவ்வொரு ஷீட்டுக்கும் சாக்பீஸால் எண் போட்டு, பக்கத்தில் அளவு டேப் வைத்துப் படம் எடுங்கள். படம் எடுத்த போனை மாற்றிவிடாதீர்கள். மின்னணுப் படங்களை நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டத் தேவையான, பாரதிய சாக்ஷ்ய சட்டம் (சாட்சியச் சட்டம்) 63-ஆவது பிரிவுச் சான்றிதழுக்கு அது தேவைப்படும்.

தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள், அந்த ரசீதை வையுங்கள். சேதம் கூடாமல் தடுப்பது உங்கள் கடமை. நிரந்தரப் பழுதுபார்ப்பை மட்டும் சர்வே முடியும்வரை தள்ளிவையுங்கள், உடைந்த துண்டுகளையும் எறிய வேண்டாம். பழைய ஷீட்டில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) கலந்திருக்கலாம். மெஷினால் அறுக்காமல், நனைத்து, மாஸ்க் போட்டு இறக்கச் சொல்லுங்கள். வெளியே ஒன்றும் தெரியாத சோலார் பேனலிலும் உள்ளே நுண்விரிசல் இருக்கக்கூடும் என்பதால் மற்ற பேனல்களையும் சோதித்து, எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

கடன் இருப்பதால் தொகை வங்கிக்குப் போக வாய்ப்புண்டு. பழுதுபார்க்கப் பணத்தை விடுவிக்கக் கோரி இப்போதே கிளை மேலாளருக்குக் கடிதம் கொடுங்கள்.

முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். அதை அவர்கள் மறுத்தாலோ, ஒரு மாதமாகியும் பதில் தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் (ஆம்புட்ஸ்மேன்) ஓராண்டுக்குள் போகலாம். கட்டணமில்லை, வக்கீலும் வேண்டாம். 50 லட்சம் ரூபாய் வரை விசாரிப்பார். அவருடைய தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். இல்லையென்றால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். அங்கே வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்குக் குறைதீர்ப்பாளரிடம் போக முடியாது. உங்கள் தொகைக்கு நான் சொல்வது முதலில் குறைதீர்ப்பாளர்தான்.

இடையில் குறைந்த தொகைக்கு ‘முழுத் தீர்வு’ வவுச்சரை நீட்டினால், ‘ஆட்சேபணையுடன் பெற்றுக்கொள்கிறேன்’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுத விடவில்லை என்றால், அன்றே அதை மின்னஞ்சலில் நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள்.