பம்பர் பெயின்ட்டுக்கு விட்ட காரில் ஹெட்லைட் உடைந்தால்?

கேள்வி: பம்பரில் கீறல் விழுந்ததால் பெயின்ட் அடிக்க ஒர்க்‌ஷாப்பில் காரை விட்டேன். எடுக்கப் போனால் இடது ஹெட்லைட் ஆடுகிறது. 'பழைய வண்டி, ஏற்கெனவே உடைந்திருந்தது' என்றார்கள். சண்டை போட்டதும், 'விடுங்க சார், இன்சூரன்ஸ்ல போட்டுடலாம்' என்கிறார்கள். பில் 9,500 ரூபாய். கட்டாமல் வந்துவிட்டேன். கார் அங்கேதான் நிற்கிறது. ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன், பில் கடை பெயரில் இருப்பதால் நுகர்வோர் வழக்கும் போட முடியாதாமே? - வாசகர், ஈரோடு.

பதில்: இன்சூரன்ஸில் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

'இன்சூரன்ஸ்ல போட்டுடலாம்' என்ற ஒர்க்‌ஷாப் ஆள் என்ன கேட்கிறார் தெரியுமா? அவர்கள் உடைத்ததை, நீங்கள் எங்கோ இடித்ததாக எழுதிக் கையெழுத்துப் போடச் சொல்கிறார். அது பொய் க்ளெய்ம். மாட்டினால் நீங்கள்தான் மாட்டுவீர்கள். மாட்டாவிட்டாலும் லாபமில்லை. சாதாரண பாலிசியில் பிளாஸ்டிக் பாகத்துக்கு 50 சதவீதம் தேய்மானம் கழிப்பார்கள். 1500 சிசிக்குள் உள்ள கார் என்றால் இன்னும் 1,000 ரூபாய் உங்கள் கையிலிருந்து போகும். க்ளெய்மே போடாமல் வருடக்கணக்கில் சேர்த்த பிரீமியத் தள்ளுபடியான நோ க்ளெய்ம் போனஸும் போச்சு. 'இன்சூரன்ஸ்தானே தருது' என்ற வசனத்துக்கு எத்தனை பேர் தலையாட்டுகிறார்களோ!

சரி, நாளைக்கே போய் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஹெட்லைட்டைப் பாடியோடு பிடித்திருக்கும் பிளாஸ்டிக் காது ஒன்று முறிந்திருக்கும். முறிந்த இடம் வெளிறிச் சுத்தமாக இருந்தால் புது உடைப்பு, மண் ஏறிக் கறுத்திருந்தால் பழசு. பசை வைத்து ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்துப் படம் எடுங்கள். பிறகு வண்டியை விட்டபோது அவர்கள் எழுதிய ஜாப் கார்டின் நகல் வாங்குங்கள். வண்டி உள்ளே போனபோதே கீறல், நெளிவு எல்லாம் அதில் குறித்திருக்க வேண்டும். ஹெட்லைட் பற்றி ஒரு வரி இல்லையென்றால் 'ஏற்கெனவே' என்ற பேச்சு எடுபடுவது கஷ்டம்.

பில்லைக் கட்டிவிடுங்கள். செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியைப் பிடித்து வைக்க, 1872 ஒப்பந்தச் சட்டம் 170-ம் பிரிவு அவர்களுக்கு உரிமை தருகிறது. ஆனால் 'ஹெட்லைட் சேதம் குறித்த ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லிலேயே எழுதித் தேதி போடுங்கள். அதே சட்டத்தின் 151-ம் பிரிவு, ஒப்படைத்த பொருளைத் தன் பொருள்போல் கவனிக்கச் சொல்கிறது. அதை மட்டும் யாரும் போர்டில் எழுதி மாட்டுவதில்லை.

கடை பெயரில் பில் இருப்பதாலேயே வழக்கு செத்துவிடாது. வண்டி எதற்காக ஓடுகிறது என்றுதான் பார்ப்பார்கள். வீட்டுக்கும் கடைக்கும் நீங்கள் போய்வரும் கார் என்றால் வாதாட இடமிருக்கிறது. பிழைப்புக்காகத் தானே டாக்ஸி ஓட்டுபவருக்குக்கூடச் சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. பத்து டாக்ஸி வாங்கி, ஆள் வைத்து ஓட்டும் முதலாளிக்குத்தான் இல்லை. இருந்தாலும் அடுத்த முறை உங்கள் பெயரிலேயே பில் வாங்குங்கள், வீண் வம்பு மிச்சம்.

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் செய்து புகாரைப் பதியுங்கள். மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் போக வேண்டும், உங்கள் ஊரிலேயே போடலாம், இந்தத் தொகைக்குக் கட்டணம் கிடையாது. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் கிடைத்த 3 மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். வாய்தாவுக்கு அது தெரியாது.

நோட்டீஸுக்கே பயந்து மாற்றித் தருகிறோம் என்று இறங்கி வந்தால், புது ஹெட்லைட்டின் பார்ட் நம்பரை எழுதி வாங்குங்கள். பழையதை டிக்கியில் போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.